பூவராகனின் தொண்டை

ஜூலை 6, ஞாயிறு

பூவராகனுக்குத் தொண்டை கட்டி ஒரு மாதம் ஆகிறது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் கட்டியது, பதினாறிலும் விடவில்லை. இன்று எழுதிய பகுதியில் அவன் ஒரு கூட்டத்தில் பேச எழுகிறான். முதல் வாக்கியம் வெறும் காற்றாகப் போகிறது. மைக்கைத் திட்டுகிறான். கூட்டம் நம்புகிறது.

இந்த டைரியை என்றைக்காவது யாராவது புரட்டினால் பூவராகன் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஆள் என்று நினைத்துக்கொள்ளலாம். அப்படி நினைத்தாலும் பெரிய தப்பில்லை. ஐந்து நாவல்களாக இங்கேதான் இருக்கிறான். ஆறாவது இப்போது வார இதழில் தொடராக வருகிறது. அவன் நான் உண்டாக்கிய எழுத்தாளன். என் வயது, என் விருத்தாசலம், என் மூக்குக்கண்ணாடி. நான் ஹெட்மாஸ்டர் எதிரில் வாய் திறக்காத விலங்கியல் வாத்தியார் கலியபெருமாள். அவன் மந்திரி பேசும் மேடைக்கு எதிரே எழுந்து நின்று கேள்வி கேட்கிறவன். எனக்கு மங்கையர்க்கரசி இருக்கிறாள். அவன் பிரம்மச்சாரி.

ஞாயிறு மதியம் கையெழுத்துத் தாள்களை மங்கையிடம் கொடுத்துவிடுவேன். அவள் கம்ப்யூட்டரில் அடித்து, திங்கள் காலையில் இதழுக்கு அனுப்புவாள். கொடுத்த பிறகு நான் திரும்பிப் பார்ப்பதில்லை. அச்சில் வந்ததையும் தொடர் முடியும்வரை படிப்பதில்லை. படித்தால் அடுத்த அத்தியாயம் வராது. மூடநம்பிக்கைதான். அறிவியல் வாத்தியாருக்கும் ஒன்றிரண்டு இருக்கலாம்.

இரவுக்கு ரவா உப்புமா. விழுங்கும்போது ஒன்றும் இல்லை. பேசும்போதுதான்.

ஜூலை 9, புதன்

அரை நாள் லீவு போட்டுக் கடலூர் போனேன். பூவராகனுக்காக. அடுத்த அத்தியாயத்தில் அவன் காது மூக்குத் தொண்டை டாக்டரைப் பார்க்கிறான். பார்க்காமல் எழுதினால் ஓட்டை விழும்.

வரவேற்பில் இருந்த பெண் பெயர் கேட்டாள். வாய் "பூவராகன்" என்று சொல்லிவிட்டது. தகவல் சேகரிக்கப் போகிறவன் சொந்தப் பெயரையா கொடுப்பான்? வயது ஐம்பத்தேழு, ஊர் விருத்தாசலம் என்றேன், இரண்டும் இருவருக்கும் பொது. போன் நம்பர் கேட்டாள், பழக்கத்தில் எங்கள் நம்பரையே சொல்லிவிட்டேன்.

மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டார் டாக்டர். அதன் முனையில் கேமரா. எதிரே திரையில் தொண்டை தெரிந்தது. முப்பது வருடமாகக் கரும்பலகையில் வரைந்து காட்டுகிற குரல் நாண்கள். உயிரோடு, ஈரமாக, இரண்டும் திறந்து மூடின. ஒன்றின் மேல் வெள்ளையாக ஒரு திட்டு.

"சிகரெட் உண்டா?" என்றார்.

"அவனுக்கு உண்டு" என்று சொல்லப் போய், "இல்லை" என்றேன்.

"இதுல கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணிடணும். பாண்டிக்கு எழுதித் தரேன். ஒண்ணுமில்லாமலும் போகலாம். ஆனா தள்ளிப் போடாதீங்க பூவராகன்."

அந்தப் பெயரை இன்னொருவர் வாயால், என் முகத்தைப் பார்த்துச் சொல்லி, இதுவரை கேட்டதில்லை. சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். சுவரில் காதின் படம்தான் இருந்தது.

எழுதிக் கொடுத்த சீட்டை பஸ் ஸ்டாண்டில் குப்பைத் தொட்டியில் போட்டேன். தேவையான தகவல் தலையில் இருக்கிறது. சீட்டு எதற்கு?

ஜூலை 13, ஞாயிறு

பதினேழாவது அத்தியாயம். டாக்டர், குழாய், திரை எல்லாம் வந்துவிட்டது. பூவராகன் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய் ஒரு சிகரெட் பற்ற வைக்கிறான். அவனுக்கே உரிய திமிர். எழுதும்போது எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்தது.

மங்கை அடிக்கும் சத்தம் ஓரிடத்தில் நின்றது.

"மூக்கு வழியா கேமரா விடுறதெல்லாம் எப்டிங்க தெரியும் உங்களுக்கு?"

"விசாரிச்சேன்."

"யார்கிட்ட?"

"ஒரு டாக்டர்கிட்ட."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவள் மறுபடி அடிக்கத் தொடங்கினாள். பிறகு மிளகுப் பால் கொண்டுவந்து வைத்தாள். "பூவராகனுக்குத் தர முடியாது, நீங்களாவது குடிங்க" என்றாள்.

ஜூலை 16, புதன்

பதினொன்றாம் வகுப்பில் பின்வரிசைக்குக் குரல் எட்டவில்லை. சுவாச மண்டலம் பாடத்தைக் கரும்பலகையில் எழுதியே நடத்தினேன். ஆசிரியர் அறையில் பொற்கொடி டீச்சர் சித்தரத்தை கொடுத்தார். "சாக்பீஸ் தூசி டீச்சர்" என்றேன். நாளைக்கு ஆடி பிறக்கிறது, காற்று வேறு. தொண்டை கட்டுவதற்கா காரணம் இல்லை?

நியாயமாகப் பார்த்தால் இது அவனுக்கு வர வேண்டிய வியாதி. ஐந்து நாவலாக அத்தியாயத்துக்கு ஒரு பாக்கெட் ஊதித் தள்ளுகிறவன் அவன். நான் வெற்றிலைகூடப் போட்டதில்லை.

ஜூலை 18, வெள்ளி

மங்கை சிரித்துக்கொண்டே வந்தாள். செல்போன் எப்போதும் அவளிடம்தான் இருக்கும். எனக்கும் அதற்கும் ஒத்துவராது.

"உங்க பூவராகனுக்குப் போன் வந்துச்சு."

"யாரு?"

"ஒரு பொண்ணு. பூவராகன் சார் இருக்காங்களாங்குது. அவரு நாவல்ல இருக்காரும்மா, வெள்ளிக்கெழம பொஸ்தகக் கடையில கெடைப்பாருன்னேன். வச்சிட்டா."

வாசகர்கள் இப்படிக் கூப்பிடுவது வழக்கம்தான். போன வருடம் சேலத்திலிருந்து ஒருவர் பூவராகனுக்குப் பெண் பார்த்திருப்பதாகச் சொன்னார். நானும் சிரித்தேன். சத்தமில்லாமல் வந்தது சிரிப்பு. எந்த ஊரிலிருந்து என்று மட்டும் நான் கேட்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். இருபத்து நான்காவது அத்தியாயத்தில் பூவராகன் சாகிறான்.

இதழாசிரியர் தேவசகாயம் போனில் பதறினார். "சார், ஆளைக் கொன்னுடாதீங்க. சந்தா பாதி அவருக்காக வர்றது." நாவலின் தர்மம் என்று ஏதோ சொன்னேன். உண்மைக் காரணத்தை அவரிடம் சொல்ல முடியாது. இங்கே எழுதலாம்.

இரண்டாவது நாவலில் அவனை ஸ்கூட்டரிலிருந்து கீழே தள்ளி முழங்காலை உடைத்தேன். அதற்குப் பிறகு பதினைந்து வருடமாக நான் வண்டியிலிருந்து விழவே இல்லை. மூன்றாவதில் அவனுக்கு வேலை போனது. அந்த வருடம் எங்கள் பள்ளியில் மூன்று பேர் மாறுதலானார்கள், என்னை யாரும் தொடவில்லை. நான்காவதில் அவன் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் வாசல்படியோடு நின்றது. அவனுக்குக் கொடுத்ததெல்லாம் எனக்கு வராமல் போயிருக்கிறது. எனவே இதையும் முழுதாக, கடைசிவரை, அவனுக்கே கொடுத்துவிட்டால் ஆயிற்று. ஒரு வியாதி எத்தனை பேருக்குத்தான் வரும்?

படித்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. கோடு போட்டு அடிக்கவில்லை. இருக்கட்டும்.

ஜூலை 22, செவ்வாய்

சாம்பாரில் உப்பு இல்லை. மங்கையின் சமையலில் இப்படி நடந்ததே கிடையாது. நான் சொல்லவில்லை, அவளும் சாப்பிடும்போது கவனிக்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

மங்கை என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். திரும்பினால் கீரை ஆய்கிறாள்.

ஜூலை 27, ஞாயிறு

பத்தொன்பதாவது. பூவராகன் அறைக்குள் தனியாக. வெளியே ஆடிக்காற்று. கதவைத் தாழிட்டுவிட்டுத் தன் பெயரைத் தானே சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறான். குரல் வரவில்லை. யாரும் கதவைத் தட்டவில்லை. அதுதான் கடைசி வரி: 'யாரும் கதவைத் தட்டவில்லை.' நல்ல வரி என்று எண்ணிக்கொண்டேன். நல்ல வரிக்கு யாராவது இப்படி வியர்ப்பார்களா?

மங்கை இன்று அடிக்க வழக்கத்தைவிட நேரமெடுத்துக்கொண்டாள். "கையெழுத்துப் புரியலயா?" என்று கேட்டேன். "நல்லாப் புரியுது" என்றாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையில் பையை வைக்கக்கூட இல்லை, பொற்கொடி டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"சார், யாரு சார் அந்தப் பொம்பள?"

"எந்தப் பொம்பள?"

"ஐயோ, எழுதினவரே கேக்குறாரு! கடைசியில கதவத் தட்டிட்டு வர்றாளே, அவதான். என் வீட்டுக்காரரு சொல்றாரு, அது பழைய காதலியா இருக்கும்னு. நான் இல்லேன்னேன். காதலி யாராவது மஞ்சப் பையோட வருவாளா?"

முதல் பிரிவேளை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். வழக்கத்தை உடைத்து இதழை வாங்கினேன். நின்றபடியே படித்தேன். என் அத்தியாயம் அப்படியே இருந்தது. 'யாரும் கதவைத் தட்டவில்லை' மட்டும் இல்லை. அந்த இடத்தில் இது:

'கதவு தட்டும் சத்தம் கேட்டது. பூவராகன் திறந்தான். ஒருத்தி நின்றாள். கையில் மஞ்சள் பை. சட்டையைப் போடுங்க, வர்ற செவ்வாய்க்கிழமை பாண்டிக்குப் போறோம், எல்லாம் கேட்டு வச்சாச்சு என்றாள். நீ யார் என்று கேட்டான். அஞ்சு நாவலா உங்க சட்டையைத் துவைக்கிறேன், யாருன்னா கேக்குறீங்க என்றாள்.'

என் வாக்கியங்களைவிடச் சின்ன வாக்கியங்கள். கோபம் வந்தது. என் நாவலில் இன்னொரு கை! அதைவிட, அது நன்றாக இருந்தது. அதைவிட, செவ்வாய்க்கிழமை.

வீட்டுக்கு வந்ததும் இதழை அவள் முன் போட்டேன். கத்த வேண்டும் என்று நினைத்தேன். கத்துவதற்குக் குரல் இல்லை.

"என்ன இது?"

"படிச்சீங்களா? தொடர் முடியிறவரைக்கும் படிக்க மாட்டீங்களே." பயந்த முகமாக இல்லை அவளுக்கு. "அந்தப் பொண்ணு போன வாரம் செவ்வாய்க்கெழம மறுபடி கூப்ட்டுச்சு. கடலூர் ஆஸ்பத்திரின்னுது. பூவராகன், வயசு அம்பத்தேழு, ஊரு விருத்தாசலம், பாண்டிக்குப் போனாரான்னு டாக்டர் கேக்குறாருன்னுது. மொதல்ல சிரிச்சேங்க. சிரிச்சிட்டு, அப்டியே அடுப்பாண்ட உக்காந்துட்டேன்."

"அப்பவே ஏன் கேக்கல நீ?"

"கேட்டா? தொண்ட எனக்கில்ல, அவனுக்குன்னு சொல்லுவீங்க. உங்ககிட்ட பேசி என்னா பிரயோஜனம்? அதான் அவருகிட்டயே நேரா சொல்லிட்டேன்."

அவளுக்குச் சொல்ல இன்னும் இருந்தது.

"உங்க கோவம், உங்க படிப்பு, உங்க மூக்குக்கண்ணாடி, எல்லாத்தையும் அவருக்குக் குடுத்தீங்க. அஞ்சு நாவலும் நான்தான் அடிச்சேன். அவரு சட்டைய யாரு தொவச்சா, அவருக்கு ஜொரம் வந்தா யாரு கஞ்சி வச்சான்னு ஒரு வரி இருக்கா? தேடிப் பாத்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் தேடுவேன்." இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. "அதெல்லாம் போவட்டும். ஒருத்தருமில்லாம சாவப் போறாரேன்னுதான் தாங்கல."

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். சொன்னது நான்தான், அவன் இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மணிமுத்தாற்றில் பெயருக்குத்தான் தண்ணீர். மங்கை எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் கட்டிக்கொண்டு போய், கரையில் படைத்து, தாலிக்கயிற்றை மாற்றிக்கொண்டாள்; நானும் கூடப் போயிருந்தேன். வருடா வருடம் செய்வதுதான். இந்த முறை புதுக் கயிற்றை முடிச்சுப் போடுவதற்கு முன் நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நான் ஆற்றைப் பார்த்தேன்.

இருபதாவது அத்தியாயம்: பூவராகன் சட்டையைப் போட்டுக்கொள்கிறான். வேறு வழி? அச்சில் வந்துவிட்டதே.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பாண்டி. கடலூர் டாக்டரிடம், அந்தப் பத்தொன்பதாவது அத்தியாயத்தை அடிப்பதற்கு முந்தின சனிக்கிழமையே போய், நான் குப்பையில் போட்ட சீட்டுக்குப் பதில் வேறு வாங்கி வைத்திருக்கிறாள் மங்கை. சந்தைக்குப் போவதாக அன்று சொன்னாள். பொய் சொல்வதில் அவளும் சளைத்தவள் இல்லை.

பதிவு செய்யும் இடத்தில் இருந்த பெண் சீட்டைப் பார்த்தாள். "பூவராகனா?"

"கலியபெருமாள்னு போடும்மா" என்றாள் மங்கை.

"இதுல பூவராகன்னு இருக்கே?"

"அது வெளிய சொல்ற பேரு. வீட்ல கலியபெருமாள்தான்."

அந்தப் பெண் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு, பூவராகனைக் கோடு போட்டு அடித்து என் பெயரை எழுதினாள். அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான், இனி அவன் எனக்குப் பதிலாக உள்ளே போக மாட்டான். என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். நான்தான் எழுந்து போனேன்.

மயக்கம் கொடுத்துச் சதை எடுத்தார்கள். முடிவு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகுமாம். அதுவரை பேசக் கூடாது. மங்கையிடம் சைகையில் தண்ணீர் கேட்டேன், விசிறியை எடுத்துக் கொடுத்தாள். இருவரும் சிரித்தோம், எனக்கு வலித்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இருபத்தொன்றாவது அத்தியாயத்தில் பூவராகனின் முடிவைச் சொல்லிவிடலாம் என்று எழுதினேன். புற்றுதான், முற்றிவிட்டது, கைவிட்டார்கள். முன்பே தீர்மானித்ததுதானே. என் முடிவு வருவதற்கு முன்னால் அவனுடையது வந்துவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. ஒரே நாளில் இருபது பக்கம். தாள்களைக் கொடுத்தேன்.

மங்கை படித்தாள். அடிக்காமல் திருப்பிக் கொடுத்தாள்.

"இத அடிக்க மாட்டேன்."

ஏன் என்று கையை விரித்தேன்.

"நமக்கே இன்னும் வரல. அவருக்கு மட்டும் எப்டி வரும்? அவரும் காத்துக் கெடக்கட்டும்."

தேவசகாயத்துக்கு நாளைக் காலை அனுப்ப வேண்டும். வேறு வழியில்லாமல் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் பூவராகனும் அந்தப் பெண்ணும் தயிர்சாதம் சாப்பிடுகிறார்கள். ஊறுகாயை மறந்துவிட்டாள். அதற்குச் சண்டை போடுகிறார்கள். அவ்வளவுதான் அத்தியாயம். ஒன்றும் நடக்கவில்லை. எழுதும்போது பயம் போகவில்லை, ஆனால் கூடவே இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்னும் இல்லை. போன் அடிக்கும்போதெல்லாம் மங்கை முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுத்தான் எடுக்கிறாள். கை ஈரமாக இல்லாவிட்டாலும் துடைக்கிறாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இருக்கிறது.

ஆரம்பக் கட்டம் என்றார்கள். கதிர்வீச்சு வைத்தியம், வாரத்தில் ஐந்து நாள், ஒன்றரை மாதத்துக்கு மேல். குணமாக நல்ல வாய்ப்பு என்றார் டாக்டர். இன்னும் தாமதித்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது என்றும் சொன்னார். குரல் பழையபடி வருமா என்பதைப் பிறகுதான் பார்க்க வேண்டுமாம்.

மங்கை அவரிடம் எல்லாக் கேள்வியும் கேட்டாள். என்ன சாப்பிடலாம், காரம் ஆகுமா, பஸ்ஸில் வரலாமா. அழவில்லை. வெளியே வந்து கடற்கரைப் பக்கம் போகும் பஸ்ஸில் தவறாக ஏறிவிட்டாள். நானும் கவனிக்கவில்லை. கடலைப் பார்த்ததும்தான் அழுதாள். நானும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எனக்கு வந்துவிட்டது. இனி அவனுக்கு எதற்கு? இருபத்திரண்டாவது அத்தியாயத்தில் பூவராகனுக்கு ஒன்றுமில்லை என்று எழுதலாமா என்று மங்கையிடம் சிலேட்டில் எழுதிக் கேட்டேன். அவனாவது பிழைத்துப் போகட்டும்.

அவள் யோசித்தாள்.

"வேணாங்க. அவருக்கும் இருக்கட்டும். அவரும் வைத்தியத்துக்கு வரட்டும். தெனமும் பாண்டி பஸ்ஸில நாம ரெண்டு பேர் மட்டும் போறது கஷ்டம். நாலு பேரா போவோம்."

அப்படியே எழுதினேன். அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். மங்கையர்க்கரசி என்று வைத்தேன். அடித்துக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நின்றாள். நான் அடுத்த அறையில் இருந்தேன். விசைப்பலகைச் சத்தம் திரும்ப வருவதற்கு நெடுநேரம் ஆயிற்று.

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்று முதல் நாள் கதிர். வலி இல்லை. பேசக் கூடாது. கஞ்சியும் மோரும்.

சாயங்காலம் போன் வந்தது. நான் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். சேலத்துக்காரராம், பூவராகனுக்குப் பெண் பார்த்த அதே மனிதர். அவர் குரல் வெளியே கேட்குமளவுக்குப் பேசினார்: "பூவராகன் சார் இருக்காரா?"

மங்கை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இருக்காருங்க. டாக்டர் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. என்கிட்ட சொல்லுங்க, நான் அவரு வீட்டுக்காரிதான் பேசுறேன்."